எழுதிக் கொடுக்காத வசனம்

"அந்த வசனத்தை எழுதினது ஆர் அம்மா?"

இன்ஸ்பெக்டர் பொன்னுதுரை மூன்றாவது முறையாகக் கேட்டார். யாழ்ப்பாணத்துக்காரர், குரலை உயர்த்தும் பழக்கமில்லாதவர். உயர்த்தியிருந்தால் கமலவேணிக்குப் பயம் கொஞ்சம் குறைந்திருக்கும்.

"எனக்கு எப்படிங்க தெரியும்? எழுதிக் குடுக்கிறத அவரு பேசுவாரு. அதுதான அவரு வேலை."

"அங்கதான் சிக்கல். படம் எடுத்த இலாகாவில விசாரிச்சாச்சு. எழுத்தில இருந்தது ஒரே ஒரு வரி. 'வெளியே வா, துரோகி.' உங்கட மனுசன் அதைப் பேசேல்லை. தானாச் சேர்த்து வேற ஒண்டு பேசியிருக்கிறார்." அவர் ஒரு தாளை இழுத்து வாசித்தார். "முதல்ல தண்ணி கேட்கிறார். குடிச்சிட்டுக் குவளையைத் தானே அலம்பிக் கவிழ்த்து வைக்கிறார். பிறகு, 'அண்ணே, செருப்பப் போட்டுக்கிட்டு வாங்க. வெளிய முள்ளு கெடக்கு.' கூட்டிக்கொண்டு போய்ச் சுடுகிறார்."

கமலவேணி முந்தானையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"ஆறு வருசத்துக்கு முன்னம் புக்கிட் ரம்பாய்ப் பக்கத்துத் தோட்டத்தில ஆக்களை வேலை வாங்கிற மண்டோர் அப்பாசாமியைக் காட்டுக்காரக் கம்யூனிஸ்ட் ஒருத்தன் வீட்டில வந்து கூட்டிக்கொண்டு போய்ச் சுட்டவன். அவன் செய்ததும் இதுதான், சொன்னதும் இதுதான். அது அப்பாசாமியின்ர மனுசி ருக்மணிக்கு மட்டும் தெரிஞ்ச விசயம். தான் ஆருக்கும் சொல்லேல்லை எண்டு அந்த மனுசி சத்தியம் பண்ணுறா. போன மாதம் தோட்டத்துத் திடலில திரைக்கு வேட்டியைக் கட்டி இந்தப் படத்தைப் போட்டிருக்கினம். பார்த்தவ எழும்பி நேர நடந்து வந்து எங்களிட்டச் சொல்லிட்டா. அப்ப எழுதிக் குடுக்காத வசனம் உங்கட மனுசனுக்கு எங்கேயிருந்து வந்தது?"

"அவரு சொல்லலீங்களா?"

"சொன்னவர். துணி விக்கிறவன் மாதிரி வேசம் போட்டு அந்த மனுசியிட்டயே போய்க் கேட்டவராம். நாங்கள் அவவைக் கேட்டம். இல்லை எண்டுறா."

"நானும் சொல்றேங்க. மூட்டை கட்டிக் குடுத்ததே நான்தான்."

"மனுசி சொல்லுறது மனுசனுக்கு எடுபடாது அம்மா." பொன்னுதுரை தாளை மடித்தார். "வியாழக்கிழமை காலமை பத்து மணிக்கு அடையாள அணிவகுப்பு. அந்த மனுசி கை காட்டினால் கேஸ் மேல போகும். துவக்கு வச்சிருந்தவனுக்கே தூக்கு. சுட்டவனுக்கு நான் சொல்லத் தேவையில்லை. மெர்டேக்கா எண்டு சுதந்திரம் வாறதுக்கு முன்னம் கோப்பை மூடவேணும் எண்டு வெள்ளைக்காரத் துரை நிக்கிறார். இன்னொண்டு. சாட்சியிட்ட நீங்கள் போய்க் கதைக்கக்கூடாது. கதைச்சால் உங்களையும் உள்ள வைக்க வேண்டி வரும்."

கமலவேணியின் புருஷன் தம்பிராஜாவின் பிழைப்பே சாவதுதான். சிங்கப்பூர் ஸ்டூடியோவில் ஐந்தரை வருடத்தில் இருபத்தெட்டு மலாய்ப் படம் நடித்திருந்தார். இருபத்தேழில் செத்தார். மிச்சம் ஒன்றில் தப்பித்தது எப்படியென்றால், கொல்ல வேண்டிய கட்டத்தை எடுக்கவே டைரக்டர் மறந்துபோனார். மலாக்காவின் காஜா பெராங்கில் பிறந்து, மலாக்காச் செட்டிப் பிள்ளைகளோடு தெருவில் புரண்டு வளர்ந்தவர். வீட்டிலே மலாய் பேசுகிற ஜனங்கள் அவர்கள். அந்தச் சகவாசத்தில் தம்பிராஜாவுக்கும் மலாய் சுத்தமாக வந்துவிட்டது. குரல் கனம். புருவம் இரண்டும் நடுவில் சேர்ந்திருக்கும். அந்த முகத்துக்குக் கதாநாயகன் வேஷம் யார் கொடுப்பார்கள்? வட்டிக்காரன், கள்ளக் கடத்தல்காரன், ராஜாவுக்கு விஷம் வைக்கிற மந்திரி என்று வந்தது. கதாநாயகன் கையால் அடி வாங்கி மாடிப்படியில் உருள்வார், மாதச் சம்பளம் மலாக்காவுக்கு வந்து சேரும்.

கமலவேணி எல்லாப் படமும் பார்த்திருக்கிறாள், அவர் சாகிற இடத்தைத் தவிர. அந்த நேரம் வருவது வாசனையிலேயே தெரிந்துவிடும் அவளுக்கு. எழுந்து வெளியே போய்க் கச்சாங் கடலை வாங்கித் தின்றுகொண்டு நிற்பாள். உள்ளே ஜனங்கள் கைதட்டுவார்கள். சரி, செத்தாயிற்று என்று திரும்ப வந்து உட்கார்ந்துகொள்வாள்.

மற்ற வில்லன்கள் சிரிப்பார்கள். இவர் சிரிப்பது குறைவு. ஒவ்வொரு வேஷத்துக்கும் முன்னால் ஆள் தேடிப் போவார். வட்டிக்காரனாக நடிக்க வேண்டுமென்றால் வட்டிக்காரனிடம் போகமாட்டார், கடன்பட்டு வீடு இழந்தவனிடம் போவார். பெண்டாட்டியை அடிக்கிறவனாக நடிக்க, அடிபட்டவளைப் பார்த்து வருவார்.

"ஏன் அப்படி?" என்று ஒருமுறை கேட்டாள்.

"அடிக்கிறவன் தன்னைப் பார்க்க மாட்டான் வேணி. அடி வாங்கினவன்தான் முழுசாப் பார்த்திருப்பான். கை எங்க இருந்துச்சு, கண்ணு எங்க இருந்துச்சு, எல்லாம் அவனுக்குத்தான் தெரியும்."

"சொல்லுவாங்களா?"

"ஊர் பேர் தெரியாத ஆளா இருந்தா சொல்லுவாங்க."

அதனால்தான் போன வருடம் அரசாங்கத்துக்காரர்கள் தோட்டத்து ஜனங்களுக்குக் காட்டத் தமிழில் ஒரு சின்னப் படம் எடுக்கிறோம், காட்டுக்காரர்களின் தலைவனாக நடிக்க வேண்டும் என்று கூப்பிட்டபோது, தம்பிராஜா மீசையை எடுத்தார். மூக்குக் கண்ணாடி போட்டு, நெற்றி நிறைய விபூதி பூசி, சைக்கிளுக்குப் பின்னால் துணி மூட்டை கட்டினார். பசாரில் சேலை பொறுக்கினது கமலவேணிதான். மூன்று நாள் மத்தியானம் போய்வந்தார். மூன்றாம் நாள் திரும்பி வந்தவர் அடுப்படியில் நின்று ஒரு குவளையைக் கழுவிக் கவிழ்த்தார், நிமிர்த்தினார், மறுபடி கழுவிக் கவிழ்த்தார். முப்பது தடவையாவது இருக்கும்.

"யாரு சொன்னா இதெல்லாம்?"

"ஒரு பொம்பள."

"அழுதாளா?"

"அழுதுச்சு."

"நீங்க என்னா செஞ்சீங்க?"

"கேட்டுக்கிட்டு இருந்தேன்."

அப்போது கமலவேணிக்கு ஒன்றும் தோன்றவில்லை. குவளையை வாங்கிக் காப்பி ஊற்றிக் கொடுத்தாள்.

இன்ஸ்பெக்டர் அவரைப் பார்க்கப் பத்து நிமிஷம் அனுமதித்தார். கம்பிக்கு உள்ளே தம்பிராஜா முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"அம்பத்தொண்ணுல எங்க இருந்தீங்கன்னு சொன்னீங்களா?"

"சொன்னேன். நாடகக் கம்பெனியோட வடக்க சுத்திக்கிட்டு இருந்தேன்னு. 'கம்பெனிக்காரன் யாரு?' செத்துப் போயிட்டாரு. 'கணக்கு, நோட்டு?' ஒண்ணும் இல்ல. 'அப்ப காட்டுல இருந்திருக்கலாமே?' அவங்க கேக்கிறதும் நியாயந்தான்."

"துணிக்காரன் சங்கதிய எடுத்துச் சொல்லுங்க."

"எடுத்துச் சொல்றதா? இன்ஸ்பெக்டர் முன்னாடி எழுந்து நின்னு துணிக்காரனாவே பேசிக் காட்டினேன், வேணி. குரல், இழுப்பு, மூட்டைய அவிழ்க்கிற கை, எல்லாம். அங்க நின்ன போலீஸ் மாத்தாக்காரங்க நாலு பேரு கை தட்டினாங்க. 'பாத்தீங்களா, என்னா நடிப்பு'ன்னாங்க." அவர் சிரிக்கப் பார்த்தார். "நான் எது செஞ்சு காட்டினாலும் அது நடிப்பாத்தான் போவுது. நெசம்னு காட்ட எனக்கு வழி தெரியல."

கமலவேணி கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அவளப் பார்க்கக் கூடாதாம். உள்ள வெச்சிருவேன்னாரு."

"ஆமா. போகக் கூடாது." அவர் சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "தோட்டத்துல ரெண்டாவது லயம். கடைசி வீடு."

மறுநாள் மத்தியானம் வாசலைப் பூட்டும்போது அடுத்த வீட்டுப் பாக்கியலட்சுமி வேலிக்கு மேல் தலையை நீட்டினாள்.

"என்னா அண்ணி, உங்க வீட்டுக்காரரு செத்துச் செத்துப் பொழைக்கிறவராச்சே. இதுவும் படந்தானா?"

"படந்தான். டிக்கெட்டு வேணுமா?"

"எங்க கெளம்பிட்டீங்க?"

"பசாருக்கு."

"கூடைய விட்டுட்டா?"

கமலவேணி திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். பஸ்ஸில் போகும்போது என்னென்னவோ சொல்லிப் பார்த்துக்கொண்டாள். துணிக்காரரின் தங்கை என்று சொல்லலாம். அவருக்கு உடம்பு சரியில்லை, உன்னை விசாரித்தார் என்று ஆரம்பிக்கலாம். ஒவ்வொன்றும் நன்றாகத்தான் இருந்தது. நன்றாக இருப்பதே அவளுக்குப் பிடிக்கவில்லை. இவர் போன வழியிலேயே நானும் போவதா?

தோட்டத்தில் ரப்பர்ப் பால் நிறுத்து முடிந்து ஜனங்கள் குளித்துக்கொண்டிருந்த நேரம். கடைசி வீட்டு வாசலில் ஒருத்தி கூந்தலைக் கோதிக்கொண்டு நின்றாள். முப்பத்தைந்து வயது இருக்கும், ஒடிசலான உடம்பு. நெற்றி வெறுமையாக இருந்தது.

"யாரு வேணும்?"

"ருக்மணிங்கிறது..."

"நான்தான். உக்காருங்க. வெயில்ல வந்திருக்கீங்க. தண்ணி குடிக்கிறீங்களா?"

வேண்டாம் என்று சொல்வதற்குள் தண்ணீர் வந்துவிட்டது. கமலவேணி குடித்தாள். குடித்து முடித்ததும் குவளையை என்ன செய்வதென்று தெரியவில்லை. நிமிர்த்தி வைப்பதா, கவிழ்ப்பதா, கழுவுவதா? மடியிலேயே வைத்துக்கொண்டாள்.

"எங்கேருந்து வர்றீங்க?"

"காஜா பெராங். நான் தம்பிராஜா சம்சாரம்."

ருக்மணி கத்துவாள் என்று எதிர்பார்த்தாள். அவள் கத்தவில்லை. கூந்தலை முடிந்து முடித்துவிட்டுத்தான் பேசினாள்.

"எந்திரி."

"தங்கச்சி, ஒரு வார்த்த..."

"அந்த எடத்துலதான் அவன் நின்னான். நீ உக்காந்திருக்கிற எடத்துல. எந்திரின்னேன்."

கமலவேணி எழுந்தாள். வாசலுக்குப் போகவில்லை.

"அவரு இல்ல தங்கச்சி அது. அவரு ஒரு எறும்ப..."

"எறும்பு கதையெல்லாம் எனக்கெதுக்கு? முள்ளு கெடக்குன்னு சொன்னானே, அது எம் புருசனுக்கும் எனக்கும் அவனுக்கும் தெரியும். எம் புருசன் செத்துட்டாரு. நான் சொல்லல. அப்ப யாரு மிச்சம்?"

"நீ யாருகிட்டயும் சொன்னதே இல்லியா?"

"எப்படிச் சொல்லுவேன்? தண்ணி குடுத்தது நானில்ல? காட்டுக்காரனுக்கு ஒரு வாய்க் கஞ்சி குடுத்தவங்களையே புடிச்சிட்டுப் போன காலம். மாத்தாக்காரங்க வந்து கேட்டப்ப, ஒண்ணும் பாக்கல, தூங்கிட்டேன்னு சொன்னேன். புருசன் பொணம் வாசல்ல, நான் தூங்கிட்டேன்னு சொல்றேன். இந்த லயத்துல ஒருத்திக்குத் தெரியாது. எங்கம்மாவுக்குத் தெரியாது."

"துணிக்காரர் ஒருத்தர் வந்தாரே."

ருக்மணி சட்டென்று அவளைப் பார்த்தாள்.

"அவரு வேற."

"அவருகிட்டச் சொன்ன இல்ல?"

"அவரப் பத்தி உனக்கு யாரு சொன்னா?"

"சொன்னியா, இல்லியா?"

"அவரு வழியில போற மனுசன். இன்னிக்கு இங்க, நாளைக்கு சிரம்பான்ல. அவருகிட்டச் சொன்னது, கெணத்துக்குள்ள சொல்ற மாதிரி." அவள் குரல் தணிந்தது. "அஞ்சு வருசமா நெஞ்சுல கெடந்தது. வாய் விட்டுச் சொல்ல ஒரு ஆளு. அவ்வளவுதான்."

"போலீஸ்ல கேட்டாங்களே, துணிக்காரன் யாராச்சும் வந்தானான்னு."

"கேட்டாங்க. அதான் இல்லவே இல்லன்னுட்டேன். எனக்குத் தெரியாதா அவங்கள? வந்தாருன்னு சொன்னா அவரத் தேடிப் புடிப்பாங்க. காட்டுக்காரன் சங்கதிய ஏன் மறைச்சன்னு அடிப்பாங்க. ஒரு நல்ல மனுசன், ஒரு பாவமும் அறியாதவரு. நான் அவரு பேர இழுப்பேனா?"

கமலவேணி சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"நீ காப்பாத்துற அந்த மனுசனத்தான், தங்கச்சி, நாளைக்கு நீயே தூக்குக்குக் காட்டிக் குடுக்கப் போற."

"என்னா ஒளர்ற?"

"அரக்குச் சேலை. கரையில சின்னச் சின்ன மாங்கா. நீ வெள்ளச் சேலைதான் கேட்டிருப்ப, அவரு இதத்தான் குடுத்திருப்பாரு. முந்தானை ஓரத்துல ஒரு விரல் நீளம் நூல் பிரிஞ்சிருந்துச்சு. அரக்கு நூலு எங்கிட்ட இல்ல. கருப்பு நூலப் போட்டு நான்தான் தைச்சேன். போய்ப் பாரு."

ருக்மணி அசையாமல் நின்றாள். பிறகு உள்ளே போனாள். பெட்டி திறக்கிற சத்தம் கேட்டது. பக்கத்து வீட்டில் யாரோ தேங்காய் துருவிக்கொண்டிருந்தார்கள்.

சேலையோடு வந்தாள். மடிப்புக் கலையாத புதுச் சேலை. முந்தானை ஓரம் அவள் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் இருந்தது.

"மூணு நாளு வந்தாரு," என்றாள். "மூணு நாளும் தலையக் குனிஞ்சிக்கிட்டுக் கேட்டாரு. 'அவன் எந்தக் கையில தங்கச்சி குவளைய வாங்கினான்?' 'பேசறப்ப உன்னப் பாத்தானா, தரையப் பாத்தானா?' ஒண்ணு விடாம விசாரிச்சாரு. எம் புருசன் செத்ததுக்கு இவ்வளவு விசாரிக்கிறதுக்கும் ஒரு மனுசன் இருக்காரேன்னு நெனச்சேன். மனப்பாடம் பண்ணிக்கிட்டு இருந்திருக்காரு."

கமலவேணி குவளையை மறு கைக்கு மாற்றிக்கொண்டாள்.

"மூட்டை கட்டிக் குடுத்தது நீயா?"

"நான்தான்."

"எதுக்குன்னு தெரியுமா?"

"தெரியும்."

"அப்ப அவன் எங்க?"

"யாரு?"

"எம் புருசனக் கொன்னவன். ஆறு வருசம் கழிச்சுப் புடிச்சிட்டாங்கன்னு நெனச்சேனே. அவன் எங்க?"

வாசலில் ஒரு கோழி வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போயிற்று.

"நாளைக்கு நான் என்னா சொல்லணுங்கிற?"

"உள்ளதச் சொல்லு தங்கச்சி."

"உள்ளதச் சொன்னா எனக்கு என்னா மிஞ்சும்?" ருக்மணி கை நீட்டி, கமலவேணியின் கையிலிருந்த குவளையைப் பிடுங்கிக்கொண்டாள். "போ. பஸ்ஸு போயிரும்."

வருவேன் என்றோ, சொல்வேன் என்றோ அவள் சொல்லவில்லை. நீ இங்கே வந்ததை இன்ஸ்பெக்டரிடம் சொல்லுவேன் என்றும் சொல்லவில்லை. பஸ்ஸில் வரும்போது கமலவேணிக்கு இரண்டும் ஒரே மாதிரி பயமாக இருந்தது.

வியாழக்கிழமை காலை ஸ்டேஷன் முற்றத்தில் ஒன்பது பேரை நிறுத்தினார்கள். ஒரே உயரம், ஒரே வெள்ளைச் சட்டை. பசாரிலிருந்து பிடித்து வந்த மூட்டை தூக்கிகள் இரண்டு பேர், ஒரு பார்பர், ஒரு கணக்குப்பிள்ளை, இன்னும் யார் யாரோ. தம்பிராஜா ஆறாவதாக நின்றார். கமலவேணியை முற்றத்துக்கு விடவில்லை. நடையில் ஒரு ஜன்னல் இருந்தது. அதன் சட்டத்துக்கு நடுவே பாதி வரிசை தெரிந்தது.

ருக்மணி வந்தாள். வெள்ளைச் சேலை. கக்கத்தில் பேப்பரில் சுற்றின ஒரு பொட்டலம்.

"ஆளைத் தெரிஞ்சால் கையால தொட்டுக் காட்டவேணும்," என்றார் பொன்னுதுரை. "பயப்பட வேண்டாம். அவசரமும் வேண்டாம்."

அவள் முதல் ஆளிடமிருந்து தொடங்கினாள். ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்தாள். பார்பருக்கு வியர்த்து வழிந்தது. ஐந்தாவது ஆளைத் தாண்டி, ஆறாவது ஆளையும் தாண்டி, கடைசி வரைக்கும் போனாள். கமலவேணி மூச்சை விட்டாள். விட்ட மூச்சு முடியுமுன் ருக்மணி திரும்பி நடந்து வந்து தம்பிராஜாவுக்கு முன்னால் நின்றாள்.

பொட்டலத்தை எடுத்து அவர் கையில் வைத்தாள்.

துரை ஏதோ இங்கிலீஷில் சொன்னார். பொன்னுதுரை பேனாவைத் திறந்தார்.

"தொட்டது எண்டு எழுதலாமா அம்மா?"

தம்பிராஜா பொட்டலத்தைப் பார்த்தார். பேப்பர் கிழிந்த இடத்தில் அரக்கு நிறம் தெரிந்தது. இருபத்தேழு சாவு செத்த முகம் அது. ஒன்றிலும் இப்படி வெளுத்ததில்லை.

"அம்மா, எழுதலாமா?"

"எழுதாதீங்க. வாங்கின சேலையத் திருப்பிக் குடுத்தேன். இவரு துணிக்காரரு."

"ஆரும் வரேல்லை எண்டு சத்தியம் பண்ணினீங்கள்."

"பொய் சொன்னேன்."

"ஏன்?"

"இவர மாட்டிவிடக் கூடாதுன்னு."

பொன்னுதுரையின் பேனா தாளுக்கு மேல் நின்றது. "விளங்கேல்லை எனக்கு. அப்ப படத்தில பாத்தது?"

"இவரத்தான்."

"உங்கட மனுசனைச் சுட்டது?"

"இவரு இல்ல."

நடையில் கமலவேணி ஜன்னல் சட்டத்தில் நெற்றியை வைத்துக்கொண்டாள். மேலே என்ன பேசினார்கள் என்று கொஞ்ச நேரம் அவள் காதில் ஏறவில்லை. ஏறியபோது துரை ஒரு கட்டுப் புகைப்படத்தை மேஜையில் பரப்பியிருந்தார். சுடப்பட்டவர்கள், சரணடைந்தவர்கள், இன்னும் அகப்படாதவர்கள். பொன்னுதுரை ஒவ்வொன்றாக நகர்த்தினார்.

"பொய் சொன்னதுக்கு நான் ஒண்டும் எழுதேல்லை. இதில அந்த ஆள் இருக்கிறானா, பாருங்கோ."

ருக்மணி பார்த்தாள். ஒரு படத்தைக் கையில் எடுத்தாள், வைத்தாள். மறுபடி எடுத்தாள்.

"இவனா?"

"தெரியலீங்க."

"முகத்தை நல்லா யோசிச்சுப் பாருங்கோ. நெற்றி, கண், மூக்கு."

"யோசிச்சா இவரு மூக்குதாங்க வருது." அவள் தம்பிராஜாவைக் காட்டினாள். காட்டி முடித்த அவள் வலது கை நெஞ்சுக்குக் கீழே, சேலையை ஒதுக்குகிற மாதிரி நின்றது. "ஆறு வருசம் அவன் மூஞ்சிய உள்ளேயே வெச்சிருந்தேன். தூங்கறப்ப, பால் வெட்டறப்ப, எப்பக் கேட்டாலும் சொல்லியிருப்பேன். படம் பாத்த அன்னிக்கு வேட்டிகிட்டப் போய் நின்னேன். கிட்டப் போகப் போக மூஞ்சி போயிருச்சு, வெறும் வெளிச்சந்தான். அதுக்கப்புறம் கண்ண மூடினா இவருதான் வந்து தண்ணி கேக்கிறாரு. நாளைக்கு நெசமான ஆளே வந்து என் முன்னாடி நின்னாலும் எனக்குத் தெரியாது."

துரை பொறுமையில்லாமல் கடிகாரத்தைப் பார்த்தார். பொன்னுதுரை புகைப்படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி நாடாவால் கட்டினார்.

"தங்கச்சி," என்றார் தம்பிராஜா.

இழுத்துப் பேசுகிற, கொஞ்சம் மூக்கடைத்த குரல். துணிக்காரரின் குரல். அவருக்கே தெரியாமல்தான் வந்திருக்க வேண்டும்.

"அந்தக் கொரல்ல பேசாதீங்க," என்றாள் ருக்மணி. "உங்களுக்குன்னு ஒரு கொரலு இருக்கும்ல. அதுல பேசுங்க. கேட்டுட்டுப் போறேன்."

தம்பிராஜா வாயைத் திறந்தார். கமலவேணி ஜன்னலில் காத்திருந்தாள். ருக்மணியும் காத்திருந்தாள், முழுசாக ஒரு நிமிஷம். ஒன்றும் வரவில்லை. அவள் காலில் செருப்பை மாட்டிக்கொண்டு முற்றத்தைக் கடந்து போய்விட்டாள்.

விடுதலைப் பேப்பரில் கையெழுத்துப் போட்டு வெளியே வர மத்தியானமாயிற்று. சடக்குச் சாலை நெடுகப் புதுக்கொடிக்குக் கம்பம் நட்டுக்கொண்டிருந்தார்கள். தம்பிராஜா சேலைப் பொட்டலத்தை ஒரு கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடந்தார். கமலவேணி ஒரு எட்டுப் பின்னால் நடந்தாள்.

"நீ போனியா அங்க?"

"போனேன்."

"நான் போகச் சொல்லல."

"ஆமா. நீங்க சொல்லல."

மறுபடி கொஞ்ச தூரம். மூன்று சக்கர வண்டிக்காரன் ஒருவன் அவரை அடையாளம் கண்டு, கழுத்தை அறுக்கிற மாதிரி கையைக் காட்டிச் சிரித்துவிட்டுப் போனான். தம்பிராஜா வழக்கம்போலப் புருவத்தை உயர்த்திப் பதில் மரியாதை செய்தார். பிறகு நடை தளர்ந்து, அவள் பக்கத்தில் வந்துவிட்டார்.

"வேணி."

"என்னாங்க?"

"அந்தப் பொண்ணு மூக்கு விசயம் சொல்லிச்சே. நீ ஜன்னல்ல பாத்துக்கிட்டுத்தான இருந்த?"

"பாத்தேன்."

"அப்பக் கை எங்க இருந்துச்சு? இங்கியா..." அவர் வலது கை தானாக மேலே எழுந்து நெஞ்சுக்குக் கீழே நின்றது. விரல்கள், இல்லாத ஒரு சேலையை ஒதுக்கின. "இல்ல, இன்னும் கொஞ்சம் கீழியா?"

கமலவேணி நின்றுவிட்டாள். அவர் முகத்தைப் பார்த்தாள். அதில் கெட்ட எண்ணம் துளி இல்லை. கவனம்தான் இருந்தது. அடுப்படியில் குவளையைக் கவிழ்த்தபோது இருந்த அதே கவனம்.

"எதுக்குக் கேக்கிறீங்க?"

"சும்மாத்தான்."

கை இன்னும் அங்கேயே இருந்தது. கமலவேணி அதை எட்டிப் பிடித்துக் கீழே இறக்கினாள். நடுத்தெருவில் புருஷன் கையைப் பிடித்து நடக்கிற வழக்கம் காஜா பெராங்கில் எந்தப் பெண்ணுக்கும் இல்லை. எதிரே வந்தவர்கள் பார்த்தார்கள். பாக்கியலட்சுமி வேலிக்கு மேலிருந்து பார்த்தாள். வீட்டுக் கதவைத் திறக்கிறவரைக்கும் அவள் பிடியை விடவில்லை.